பழைய கார், சோர்ந்துபோன ஏசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்தால் போதும், சொந்தக்காரர்களிடமிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏசி போட்டா வெறும் காத்துதான் வருது, என்ன பண்ணலாம்?" நான் மெக்கானிக் இல்லை. 2006 மாடல் சின்னக் கார் ஒன்றை விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். அந்த வண்டியின் ஏசிக்காகப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். 1990களின் பிற்பாதியிலிருந்து 2010க்குக் கொஞ்சம் பிந்தி வரை வந்த, பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் உள்ள சாதாரணக் கார்களை மனதில் வைத்து எழுதியது இது.

ஏசி முன்பு மாதிரி குளிரவில்லை. கேஸ் ஏற்றினால் சரியாகிவிடுமா?

ஆகலாம். ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கம்ப்ரசரின் முன்பக்க சீல் வழியாகவும் ரொம்பக் கொஞ்சமாகக் கசியும்; அது தெரியவே பல வருடம் ஆகும். போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவது, அடியில் விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஏசி சோர்ந்துபோவதற்குக் கேஸ் குறைவது பல காரணங்களில் ஒன்று. ஃபில்டர் அடைப்பு, ஃபேன் கோளாறு, கண்டன்சரில் மண், ஹீட்டர் ஒழுங்காக மூடாதது என்று காசு அதிகம் ஆகாத காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடித்த பிறகு கேஸுக்கு வாருங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏசியும் இதையேதான் செய்கிறது. தண்ணீருக்குப் பதிலாக ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, உங்கள் காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை இழுத்து அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக, அழுத்தத்தைக் குறைத்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்து சுற்று முடிகிறது.

உள்ளே எடுத்த சூட்டை வெளியே கொட்டினால்தான் மறுபடி எடுக்க முடியும். ஏசி குளிரவில்லை என்றால் எல்லோரும் டேஷ்போர்டையே பார்க்கிறார்கள். பாதி நேரம் கோளாறு பம்பருக்குப் பின்னால் இருக்கிறது.

'வீக்' என்பது என் மனப்பிரமையா, நிஜமா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன்தொட்டிக்கு விற்பார்களே, ஒயர் முனையில் சென்சார் உள்ளது, அது போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும் நிலையில் வைத்து, ப்ளோயரை (உள்ளே காற்றை ஊதும் ஃபேன்) நடு வேகத்தில் விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சென்சாரை நடு வென்ட்டுக்குள் செருகுங்கள். வெளியே 35 டிகிரி வெயிலில் உள்ளே 7 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் பழைய வண்டிக்கு அது நல்ல ஏசி. 15க்கு மேலேயே நின்றால் கோளாறு இருக்கிறது.

ஒரு விஷயம். ஒரே 36 டிகிரியில் வேலூரில் கிடைக்கிற குளிர் சென்னையில் கிடைக்காது. கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே ஏசியின் பலத்தில் நல்ல பங்கு போய்விடும். காருக்கு அடியில் அந்தத் தண்ணீர்தான் சொட்டுகிறது. ஆகவே ஊர் மாறி வந்தவர்கள் உடனே வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

காற்றே குறைவாக வருகிறது. ஆனால் வருகிற காற்று ஜில்லென்றுதான் இருக்கிறது.

நல்ல செய்தி. கேஸ், கம்ப்ரசர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். ஐந்து வருடம் மாற்றாத ஃபில்டரை வெளியே இழுத்தால் வேப்பஞ்சருகு, பூச்சி, தலைமுடி, சில சமயம் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு வரை விழும். புதியது சில நூறு ரூபாய். நிறையப் பழைய மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அந்த வண்டிகளில் அத்தனை குப்பையும் நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும். காயிலைக் கழுவினால்தான் காற்று வரும்.

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, ஒன்று இரண்டில் ஓடவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். சின்ன வேலை.

ஓடும்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது.

நான் மூன்று கோடைகாலம் அவதிப்பட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர வைத்துவிடும். நின்றால் அந்த வேலையை ரேடியேட்டர் பக்கம் இருக்கும் ஃபேன் பார்க்க வேண்டும். ஃபேன் பார்க்கவில்லை என்றால் கண்டன்சரில் சூடு தேங்கி, அழுத்தம் ஏறி, குளிர் போய்விடும். கூடவே, ஐட்லிங்கில் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் எந்த வண்டியிலும் நின்றால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இரண்டு மூன்று டிகிரி ஏறினால் கவலைப்படாதீர்கள். வெறும் காற்றாகவே மாறிவிட்டால் ஃபேனைப் பாருங்கள்.

என் வண்டியில் ஃபேன் ஓடியது. பானெட்டைத் திறந்து பார்த்தேன், கண்ணெதிரே சுற்றியது. அதனால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. ஒரு கடையில் கேஸ் ஏற்றினார்கள். அடுத்த வருடம் இன்னொரு கடையில் ஏற்றினார்கள். மூன்றாவது வருடம் 'கம்ப்ரசர் வீக், மாத்திடலாம் சார்' என்றார்கள். கம்ப்ரசர் விலையைக் கேட்டு வயிறு கலங்கி, வேறு ஒரு வேலைக்காகப் போன இடத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் புலம்பினேன். அவர் அழுத்தம் பார்க்கும் கேஜ் எதையும் எடுக்கவில்லை. பழைய தினத்தாளில் ஒரு துண்டு கிழித்து, வண்டியின் முன் கிரில்லுக்கு நேரே பிடித்தார். ஃபேன் ஓடினால் காகிதம் உள்ளே இழுபட்டு கண்டன்சரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வெளியே பறந்தது. "தம்பி, ஃபேன் சுத்துதுதான். எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?" என்றார்.

எப்போதோ ஃபேன் மோட்டார் மாற்றியபோது இரண்டு ஒயரையும் மாற்றிக் கோத்துவிட்டார்கள். ரேடியேட்டர் சூட்டையெல்லாம் அது கண்டன்சர் மேல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதை ஜெயித்துவிடும். சிக்னலில் ஜெயிக்க ஆள் இல்லை. ஒயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆனது. டீ வாங்கிக் கொடுக்கத்தான் விட்டார், காசு வாங்கவில்லை.

ஆகவே உங்கள் வண்டியில் ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா, சரியான பக்கம் இழுக்கிறதா, பலமாக ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஃபேன் உள்ள வண்டிகளில் ஒன்று செத்துப்போய் இன்னொன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே, ஃப்யூஸ், கார்பன் தேய்ந்த மோட்டார் என்று காரணம் ஏதாவது இருக்கும்.

இன்னொரு சோதனை: ஐட்லிங்கில் ஏசி ஓட, வென்ட்டில் தெர்மாமீட்டர் இருக்க, கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மட்டும் மெதுவாக இரண்டு மூன்று மக்கு தண்ணீர் ஊற்றுங்கள். வென்ட் வெப்பம் கடகடவென்று இறங்கினால் கோளாறு சூடு வெளியேறுகிற பக்கத்தில்தான். ஃபேனோ, கண்டன்சர் அழுக்கோ, இல்லை கேஸ் அளவுக்கு மீறி ஏற்றியதோ. இறங்கவே இல்லை என்றால் வேறு பக்கம் தேடலாம்.

கண்டன்சரை நானே கழுவலாமா?

தாராளமாக. இன்ஜின் ஆறிய பிறகு, சாதாரண ஹோஸில், அழுத்தம் குறைவாக. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும். அப்புறம் காற்றே போகாது. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் அதிகக் குப்பை சேரும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில் கம்பளி மாதிரி படிந்திருக்கும்.

கிராமத்துச் சாலைகளில் போகிறவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டும். அறுவடை நேரத்தில் உளுந்து, கொள்ளு, கேழ்வரகு என்று ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. அந்தச் சக்கையும் பதரும் நேரே கிரில்லுக்குள் போகும். வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு; குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முதல் அரை மணி நேரம் அருமை. அப்புறம் காற்று குறைந்து நின்றேபோகிறது. கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி வருகிறது.

கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. பழைய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரைச் சுற்றி உறையுமே, அதேதான். காயில் வழியே காற்று போக வழி இல்லாமல் போகிறது. அணைத்துப் பத்து நிமிடம் நின்றால் ஐஸ் உருகி, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் கொட்டும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

காயிலின் தகடுகளில் செருகியிருக்கும் சின்ன சென்சார், உறையும் நிலைக்குப் பக்கத்தில் போனதும் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அது கெட்டிருக்கலாம், அல்லது யாரோ காயில் கழுவியபோது கழன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் கட்டும், கேட்க விசித்திரமாக இருந்தாலும்: அழுத்தம் குறையக் குறைய காயிலின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

கம்ப்ரசர் சில நொடிக்கு ஒருமுறை 'டக்' என்று போடுவதும் நிற்பதுமாக இருக்கிறது.

பெரும்பாலும் கேஸ் குறைவு. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஸ்விட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காக அணைத்துவிடும். அழுத்தம் ஏறினால் மறுபடி போடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் அது இயல்பு. பத்து நொடிக்கு ஒருமுறை என்றால் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்க்கும் காந்தக் கிளட்ச் ஒட்டவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிறகு கிளட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் இன்னொன்று உண்டு: கிளட்ச் தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமாகி, இன்ஜின் சூடான பிறகு காந்தம் இழுக்க முடியாமல் விட்டுவிடும். காலையில் ஓடும், மதியம் ஓடாது. தட்டுக்கு உள்ளே வைத்திருக்கும் மெல்லிய வாஷரைக் குறைத்து இடைவெளியைச் சரி செய்தால் போதும். இதற்கும் 'கம்ப்ரசர் போச்சு' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கேஸ் அளவு சரியா என்று கேஜில் தெரியாதா?

பாதிதான் தெரியும். வீட்டுச் சமையல் சிலிண்டரை யோசித்துப் பாருங்கள். முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை அழுத்தம் மாறாது. அதனால்தான் சிலிண்டரை ஆட்டியோ தூக்கியோ பார்க்கிறோம். ஏசியிலும், வண்டி அணைந்து ஆறிய நிலையில், கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, அன்றைய வெப்பத்தை. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அளவு), 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ. இதற்கு ரொம்பக் கீழே காட்டினால் மட்டும், அநேகமாகக் காலி என்று நம்பலாம்.

ஓடும்போது கம்ப்ரசர் இழுக்கும் லோ பக்கம், அது அமுக்கி அனுப்பும் ஹை பக்கம் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 35 டிகிரி நாளில் லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ என்றால் பொதுவாக நன்றாக இருக்கிறது. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சர் குளிரவில்லை, அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது. லோ ஏறி ஹை இறங்கியிருந்தால், அப்போதுதான் கம்ப்ரசர் மேல் கை வைக்க வேண்டும். லோ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அல்லது அதற்கும் கீழே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வோ ட்ரையரோ அடைத்திருக்கும்.

லோ பக்கக் கேஜை மட்டும் மாட்டிவிட்டு 'கம்மியா இருக்கு சார்' என்று ஏற்ற ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

லீக் எங்கே இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுகிறது. எனவே கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய மண்ணும் இருக்கும். குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கேஸ் ஏற்றும் வாயில் உள்ள பின், கம்ப்ரசர் முன்பக்க சீல், கல் அடித்த கண்டன்சர், கடைசியாகக் கூலிங் காயில். டயர் ட்யூப் பின் மாதிரியே இருக்கும் அந்தச் சின்னப் பின்னும் அதன் மேல் மூடியும் சில ரூபாய் சமாச்சாரம். அதைப் பார்க்காமல் காயிலை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்பு நுரை வைத்துத் தேடுவது நம்பகமான வழி. நைட்ரஜனுக்குப் பதில் டயர் கம்ப்ரசர் காற்றை ஏற்றும் கடைகளும் உண்டு. அதில் ஈரம் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெதுவான கசிவுக்கு, ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள்.

கூலிங் காயில் லீக்தான் எல்லாவற்றிலும் தொல்லை. எப்போதும் ஈரமும் அழுக்கும் படிந்திருப்பதால் அலுமினியம் அரித்துவிடும். மாற்ற வேண்டுமானால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அப்படிச் செய்கிறவர் ஸ்க்ரூக்களைப் பிரித்துப் பிரித்துக் கிண்ணத்தில் போடுகிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏசி சரியாகும், அதற்குப் பிறகு வண்டி இருக்கும் வரை டேஷ்போர்டு கடகடக்கும்.

லீக்கை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை ஏற்ற வேண்டாம். அது வால்வையும் அடைக்கும், கடைக்காரரின் மெஷினையும் கெடுக்கும்.

சரி, கேஸ் ஏற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கேஸின் வகையும் எடையும் போட்டிருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 350 முதல் 550 கிராமுக்குள். உங்கள் வண்டியின் அளவைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸை முழுக்க எடுத்துவிட்டு, லீக்கைச் சரி செய்து, வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து), தராசில் நிறுத்து ஏற்றினால்தான் அது சரியான வேலை. அளவுக்கு மேல் ஏற்றினால் குளிர் கூடாது, குறையும்.

வேக்யூம் முக்கியம். குறைந்தது அரை மணி நேரம். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்ற வேறு வழி இல்லை. நல்ல வேக்யூமில் தண்ணீர் நம்மூர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் ஐஸாக உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து குழாயையும் அரிக்கும். பம்பை அணைத்த பிறகு முள் நகராமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு 'ஆச்சு சார்' என்பவரிடம், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். கேஸோடு போன ஆயிலையும் ஈடு கட்ட வேண்டும், ஆர்-134ஏவுக்கு உரிய வகை ஆயிலால்.

கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். போலி டப்பாக்களில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலந்திருக்கும். அதைவிட மோசமானது மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரியும். 2011இல் கப்பலில் சரக்கு ஏற்றும் குளிர்பெட்டிகள் சில வெடித்து ஆட்கள் இறந்தபோது, இந்தக் கலப்படக் கேஸ்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது.

என்னுடையது 1990களின் தொடக்கத்து வண்டி. அதில் ஆர்-12 என்கிறார்களே?

ஆமாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று, 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக நிறுத்தப்பட்ட கேஸ் அது. 2010க்குள் இந்தியாவும் அதைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நிறுத்தியது. உங்கள் வண்டி ஏற்கெனவே ஆர்-134ஏவுக்கு மாற்றப்பட்டிருக்கும், அல்லது மாற்றித்தான் ஆக வேண்டும். வெறுமனே பழைய கேஸை விட்டுவிட்டுப் புதியதை ஏற்றுவது மாற்றுவது ஆகாது. ஆர்-12 காலத்து மினரல் ஆயில் ஆர்-134ஏவோடு கலந்து ஓடாது. கம்ப்ரசருக்கு ஆயில் திரும்பி வராமல் அது காய்ந்து போகும். எனவே கழுவி, ஆயில், ட்ரையர், ஓ-ரிங் எல்லாம் மாற்ற வேண்டும். புதிய கேஸும் பழைய எடையில் எண்பது தொண்ணூறு சதவீதம்தான் போட வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் அந்தக் காலத்துக் கண்டன்சரோடு முன்பு இருந்த அதே குளிரை எதிர்பார்க்காதீர்கள். பெரிய, புது வகைக் கண்டன்சர் மாட்ட இடம் இருந்தால் மாட்டிவிடுங்கள்.

காலையில் வண்டி எடுத்ததும் ஜில்லென்று வருகிறது. இன்ஜின் சூடானதும் குளிர் போய்விடுகிறது.

ஹீட்டரைப் பாருங்கள். சமவெளியில் நாம் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. பழைய கார்களில் கேபிளில் இழுக்கும் ஒரு மடல்தான் சூடான காற்றைத் தடுக்கிறது. கேபிள் தளர்ந்தால் குமிழ் நீலத்தில் நிற்கும், மடல் பாதி திறந்திருக்கும். கூலிங் காயில் குளிர வைத்த காற்றை ஹீட்டர் பக்கத்திலேயே நின்று சூடாக்கி அனுப்பும்.

ஏசியை அணைத்து, குமிழை முழுக்கக் குளிர் பக்கம் வைத்து, ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக வந்தால் இதுதான் காரணம். கேபிளைச் சரி செய்ய ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்கத்தான் முதுகு வேண்டும்.

உள்ளே மிதியடி நனைகிறது.

தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய, முனை மழுங்கிய கம்பியால் குத்தினால் திறக்கும். நனைந்த தண்ணீர் இனிப்பு வாடையோடு பிசுபிசுவென்று இருந்தால் மட்டும் அது ஏசித் தண்ணீர் இல்லை, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட். ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர், ஒழுகுகிறது.

ஏசி போட்டால் வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் சூடும் ஏறுகிறது.

800 சிசி, 1000 சிசி இன்ஜினுக்கு ஏசி பெரிய சுமைதான். கொஞ்சம் இழுவை குறைவது இயல்பு. ஏசி போட்டதும் ஐட்லிங் லேசாக ஏற வேண்டும். ஏறாமல் வண்டி நடுங்கினால் ஐட்லிங்கைச் சரி செய்யச் சொல்லுங்கள். சூடு முள் ஏறுகிறது என்றால் ஏசியை மறந்துவிட்டு ரேடியேட்டர், கூலன்ட், தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் சூடானால் கம்ப்யூட்டரே ஏசியை அணைத்துவிடும். அதை ஏசிக் கோளாறு என்று நினைத்துக் கடை கடையாக அலைபவர்கள் உண்டு.

வெயிலில் நின்ற வண்டியைச் சீக்கிரம் குளிர வைப்பது எப்படி?

கதவுகளைத் திறந்து அனலை வெளியே விடுங்கள். கண்ணாடி இறக்கியபடி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஏற்றிவிட்டு, உள்காற்று சுற்றும் பொத்தானைப் போடுங்கள். வெளிக்காற்று எடுக்கும் நிலையில் விட்டால் 40 டிகிரிக் காற்றை ஒவ்வொரு நொடியும் புதிதாகக் குளிர வைக்க வேண்டியிருக்கும். மாமா ஒருவர் இரண்டு வருடமாக அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. தொட்டதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்துவிட்டார்கள்.

நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மடக்குத் தட்டி வையுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது, போலீஸ் நிறுத்திக் கிழிப்பார்கள்.

எதை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

ஃபில்டர், கண்டன்சர் கழுவல், ஃபேன் சோதனை, ஹீட்டர் கேபிள், ஃப்யூஸ், ரிலே எல்லாம் நீங்களே பார்க்கலாம். பெல்ட் தளர்ந்து கிறீச்சிடுகிறதா என்றும் பார்க்கலாம், இன்ஜினை அணைத்துவிட்டு. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். துப்பட்டா, வேட்டி நுனி, கைவிரல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. கேஸ் உள்ள குழாயின் நட்டை மட்டும் கழற்றாதீர்கள். பீய்ச்சி அடிக்கும் திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கம்ப்ரசர் மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றலாமா?

இரண்டு கேஜ் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம், குழாயில் கறுப்பான ஆயில், அதில் மின்னும் உலோகத் தூள், இவை இருந்தால் கம்ப்ரசர் முடிந்துவிட்டது. அப்போது அதை மட்டும் மாற்றினால் போதாது. அந்தத் தூள் கண்டன்சர் வரை போயிருக்கும்; கழுவ முடிந்தால் கழுவி, முடியாவிட்டால் கண்டன்சரையும் மாற்றி, ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் புதிதாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும். தொகை எளிதாக ஐந்திலக்கத்தைத் தொடும் என்பதால் வண்டியின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

சத்தமும் தூளும் இல்லை, 'வீக்' என்று வாய்வார்த்தையாக மட்டும் சொல்கிறார்கள் என்றால், வீட்டுக்கு வந்து முதலில் ஒரு தினத்தாள் துண்டை கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்.

மார்கழியில் ஏசியைப் போடாமலே விடலாமா?

வாரம் ஒருமுறையாவது பத்து நிமிடம் போடுங்கள். ஆயில் சுற்றினால்தான் கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும். மழையில் கண்ணாடியில் படியும் மூட்டமும் அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடும்.